ஈசல் வரும் வீட்டுக்கு எந்த சுவிட்ச்?

1. ஆறு இருபது

"சாலமன் அண்ணா, எங்க இருக்கீங்க? அக்கா வீட்டு சிஸ்டம் ஆஃப்லைன் ஆயிடுச்சு. போன் அடிச்சா எடுக்கல. பக்கத்து வீட்டுக்காரர் வாலாஜாபாத் போயிருக்காராம். கொஞ்சம் போய்ப் பாருங்கண்ணா."

மாலை ஆறு இருபதுக்கு போனில் இப்படிப் பேசியது தரணி. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஐம்பதைத் தொடும் வயது. அக்கா என்றது விமலா டீச்சரை. தலைமை ஆசிரியையாக இருந்து ரிட்டையர் ஆனவர். வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரியில் ஏரிக்குப் பக்கத்தில், அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். அந்த வீட்டுக்கு, விளக்கெல்லாம் தானாக எரிகிற ஆட்டோமேஷன் சிஸ்டம் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. போட்டவன் நான்.

ஆஃப்லைன் என்றால் வீட்டிலிருந்து தரணியின் போனுக்குச் செய்தி வருவது நின்றுவிட்டது என்று பொருள். வைஃபை போயிருக்கலாம், கரண்ட் போயிருக்கலாம். ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்னால் டீச்சர் பின்கட்டுப் படியில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து பார்க்கும்வரை ஒன்றரை மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறார். அதனால் தரணிக்கு வைஃபை நினைவு வரவில்லை. எனக்கும் வரவில்லை.

காஞ்சிபுரம் ஓரிக்கையில் என் வீட்டு வாசலில்தான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். அப்படியே திருப்பினேன். மதியம் நல்ல மழை பெய்து ரோடெல்லாம் சேறு. முக்கால் மணி நேரம் ஆனது. போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் வெளிச்சம், டீச்சர் வீடு மட்டும் இருட்டு. கேட்டைத் தள்ளிக்கொண்டே "டீச்சர்!" என்று கத்தினேன்.

"இங்கதான் இருக்கேன். எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பனையோலை விசிறி. போன் உள்ளே மேசைமேல் இருந்திருக்கிறது.

"கரண்ட் போச்சா டீச்சர்?"

"போவல. நான்தான் அணைச்சேன். டிபி பாக்ஸ்ல வீடு மொத்தத்துக்கும் ஒரு பெரிய சுவிட்ச் இருக்குதே, அதை."

"எதுக்கு?"

"ஈசல்" என்றார்.

தரணிக்கு போன் போட்டு, அக்கா நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன். "அப்ப எதுக்கு அணைச்சாங்க?" என்று கேட்டான். "கேட்டுட்டு சொல்றேன்" என்று போனை வைத்தேன்.

2. குழிக்குள் இருக்கிற கை

இந்தக் குறிப்பைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். அதனால் என்னைப் பற்றிக் கொஞ்சம்.

என் அப்பா நிலமில்லாதவர். நடவுக்கும் அறுப்புக்கும் கூப்பிட்ட ஊருக்குப் போவார். நான் ஐடிஐயில் ஒயர்மேன் கோர்ஸ் முடித்து, காஞ்சிபுரத்தில் நாற்பது வருஷம் ஒயரிங் செய்தேன். மரக்கட்டை போர்டில் கறுப்பு சுவிட்ச் மாட்டிய காலத்தையும் பார்த்தேன், பேசினால் எரியும் லைட்டையும் பார்த்துவிட்டேன். கடைசி ஆறு வருஷம் ஆட்டோமேஷன் வேலைதான் அதிகம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவார்கள், இங்கே இருக்கிறவர்கள் நான் மாட்டுவதைப் பார்த்து மிரளுவார்கள். நடுவில் நான்.

சுவிட்ச் பற்றி எனக்கு முதல் பாடம் பிள்ளையார்பாளையத்தில் கிடைத்தது. ஒரு நெசவாளர் வீடு. தறிக்கு மேல் டியூப்லைட், கதவோரம் நாலரை அடி உயரத்தில் சுவிட்ச். ஐடிஐயில் சொல்லிக்கொடுத்த உயரம். கச்சிதமாக முடித்துவிட்டு நிமிர்ந்தேன். தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்பா, நான் இந்தக் குழிக்குள்ள உக்காந்துக்கினு இருக்கேன். மேகம் வந்தா போடணும், வெயில் வந்தா அணைக்கணும். ஒவ்வொரு வாட்டியும் எழுந்து வந்து உன் சுவிட்சுக்கு கும்பிடு போடணுமா?"

அவர் கை எட்டுகிற இடத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடியில், இன்னொரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். சுவிட்சை வைப்பதற்கு முன்னால் கை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்கே தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை நாற்பது வருஷம் கழித்துத் தென்னேரியில் மறந்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

3. பை நிறைய சுவிட்ச்

விமலா டீச்சர் வீட்டுக்காரர்கள் ஜெயின். எங்கள் பக்கத்துத் தமிழ் ஜெயின்கள்தான், பரம்பரையாக விவசாயம். ஊரில் அதை நைனார் வீடு என்பார்கள். அம்மா சீக்கிரம் இறந்துவிட, தரணியை வளர்த்தது பன்னிரண்டு வயது மூத்த அக்கா. டீச்சரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பியும் செய்துகொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் போனில் திட்டிக்கொண்டே முப்பது வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

டீச்சர் விழுந்த பிறகு தரணி பிடிவாதமாகச் சொன்னான், வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூருக்கு வா என்று. டீச்சர் முடியாது என்றார். இழுபறியில் ஒரு ஒப்பந்தம் வந்தது. அது என் முன்னால்தான் நடந்தது.

"வீட்டுக்கு ஆட்டோமேஷன் போடறேன்க்கா. இருட்டினா லைட் தானா எரியும். நீ நடந்தா எரியும். எல்லாம் என் போன்ல தெரியும். சிஸ்டம் ஓடற வரைக்கும் நீ இங்க இரு. நீயா அதை நிறுத்தினா, என்கூட வந்துடணும்."

"சரிடா" என்றார் டீச்சர். "நீ போடற விளக்குக்கு கீழதான் நான் உயிரோட இருக்கணும்னா, போடு."

அடுத்த வாரம் தரணி ஒரு பை நிறைய சாம்பிளோடு என் கடைக்கு வந்தான். எல்லாம் கண்ணாடி டச் பேனல். கறுப்புக் கண்ணாடி, தொட்டால் நீல விளக்கு. கிச்சனுக்கு எட்டு மாட்யூல் போர்டு, அதாவது எட்டு சுவிட்ச் கொள்கிற அளவு, ஹாலுக்கு ஆறு, வாசலுக்கும் பின்கட்டுக்கும் ஆள் நடந்தால் விளக்கைப் போடுகிற மோஷன் சென்சார். ராத்திரி எட்டு மணிக்கு 'டின்னர்' என்று ஒரு சீன். அந்த நேரம் வந்தால் கிச்சன் விளக்கும் சாப்பாட்டு மேசை விளக்கும் தானாகப் பளிச்சென்று எரியும்.

"சாதா சுவிட்சுக்குப் பின்னாலயே, சுவத்துக்குள்ள, ஒரு சின்ன ஆட்டோமேஷன் மாட்யூல் வெச்சிடலாமே தரணி? வயசானவங்களுக்கு பழகின சுவிட்ச் நல்லது" என்று ஒருமுறை சொன்னேன்.

"அண்ணா, இவ்ளோ செலவு பண்ணிட்டு அதே பழைய சுவிட்ச் இருந்தா நல்லாவா இருக்கும்?"

நான் மேலே பேசவில்லை. பேசாததற்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா அந்த நைனார் வீட்டு வயலில் அறுப்புக்குப் போனவர். கூலி நெல் வாங்கப் பின்வாசல்வரை போயிருக்கிறார், அதற்கு மேல் போனதில்லை. நான் அந்த வீட்டின் சமையலறைச் சுவரை வெட்டி, அந்த வீட்டிலேயே பெரிய போர்டை அங்கே மாட்டினேன். கொஞ்சம் கர்வமாகத்தான் மாட்டினேன். வேலை முடிந்ததும் துணியால் கண்ணாடியைத் துடைத்து, என் முகம் அதில் தெரிகிறதா என்றுகூடப் பார்த்தேன்.

கர்வத்தோடு வேலை செய்கிறவன் கேள்வி கேட்க மாட்டான். வேலை நடந்த ஐந்து நாளும் டீச்சர் எனக்கும் கூட வந்த பையன்களுக்கும் மாலை ஐந்தரைக்கே சாப்பாடு போட்டார். "பொழுதோட சாப்டுடுங்க. பொழுது சாஞ்சா இங்க அடுப்பு கிடையாது" என்பார். சமையலறையில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்று பரிமாறினார். அப்பாவை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். சாப்பாட்டையும் அப்பாவையும் நினைத்தேனே தவிர, பொழுது சாய்ந்த பிறகு அடுப்பில்லாத வீட்டின் கிச்சனுக்கு எட்டு மாட்யூல் போர்டு எதற்கு, எட்டு மணிக்கு டின்னர் சீன் எதற்கு என்று எனக்கு உறைக்கவில்லை. அந்த வீட்டில் பிறந்த தரணிக்கே உறைக்கவில்லை. பெங்களூரில் அவன் சாப்பிடுவது பத்து மணிக்கு.

4. டீச்சர் சொன்னது

இப்போது அந்த மழை நாளுக்கு வருகிறேன்.

டார்ச் அடித்துக்கொண்டு டிபி பாக்ஸுக்குப் போகப் பார்த்தேன். டீச்சர் தடுத்தார்.

"டார்ச்சையும் அணைங்க. இன்னும் கொஞ்ச நேரம். ஈசல் ஓஞ்சிடும்."

அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்துக்கொண்டிருந்தது. ஏரி பக்கத்தில் இருக்கிற ஊர். மழை விட்ட மாலையில் மண்ணிலிருந்து கிளம்பி, வெளிச்சம் எங்கேயோ அங்கே வந்து விழும். இறக்கை உதிரும், காலில் மிதிபடும், காலையில் முறத்தில் அள்ளலாம். மற்றவர்களுக்கு அது பெருக்குகிற வேலை. ஜெயின் வீட்டில் அது உயிர். தெரியாமல் பூச்சி செத்துவிடக் கூடாது என்றுதான் அவர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை.

"எங்க வீட்ல மழை நாள்ல பொழுது சாஞ்சா முன்பக்கம் விளக்கே போட மாட்டோம்" என்றார் டீச்சர். "உள் ரூம்ல ஒரு விளக்கு, ஜன்னல் சாத்திட்டு. ஈசல் வந்துதா, அதையும் அணைச்சிட்டு சும்மா உக்காந்திருப்போம். இப்ப என்னன்னா, தண்ணி குடிக்க எழுந்தா வாசல் லைட்டு எரியுது. நான் நடந்ததால எரியுது. அதுல வந்து பூச்சி விழுது. அந்தப் பாவம் யாருக்கு? எனக்கா, உங்க சென்சாருக்கா?"

டீச்சர் விசிறியை மடியில் வைத்துவிட்டு உள்பக்கம் கை காட்டினார்.

"சரி, நான் நடக்காம உக்காந்திருக்கேன்னு வைங்க. எட்டு மணிக்கு கிச்சன் லைட்டு தானா எரியுது. யாரும் இல்லாத கிச்சன். ஓடிப்போய் அணைச்சா, பத்து நிமிஷத்துல மறுபடி எரியுது."

"அது எப்படி டீச்சர்?"

"பல்லி."

கண்ணாடி பேனல் உள்ளே லேசான சூடு இருக்கும். பூச்சி வேறு அங்கே வரும். பல்லிக்கு அது நல்ல இடம். அது காலை வைத்தால் லைட், நகர்ந்தால் ஃபேன். எங்கள் காஞ்சிபுரத்தில் ஜனங்கள் கோயில் வரிசையில் நின்று தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டுப் போவார்கள். இங்கே பல்லி வந்து என் சுவிட்சைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரும் சிரித்தார். ஆனால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்.

"மூணு வாரமா காலைல எழுந்து பெருக்கிக்கினு இருக்கேன் சாலமன். இன்னிக்கு மழையப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, ஈசல் வரும்னு. எதைத் தொட்டா எது அணையும்னு தெரியல. பெரிய சுவிட்சைத் தள்ளிட்டேன்."

"தரணிகிட்ட சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்குதா டீச்சர்? நீங்களா நிறுத்தினா..."

"ஞாபகம் இருக்குது. ஈசலுக்குத் தெரியாதே" என்றார்.

பிறகு, வேறு குரலில், "நான் போவ மாட்டேன் சாலமன். அங்க பதினாலாவது மாடி. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் கிடையாது. அங்க போனா நான் சும்மா சாப்ட்டு உக்காந்திருக்கிற சாமான்" என்றார். டீச்சர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வீட்டை விட்டு அவரை வெளியேற்றுகிற வேலையை, என் கையால், கண்ணாடியெல்லாம் துடைத்து நான்தான் செய்து வைத்திருந்தேன்.

5. ஒரு பலகையில் நாலு சுவிட்ச்

சனிக்கிழமை தரணி வந்துவிட்டான். என்னையும் வரச்சொன்னான். நான் போனபோது கூடத்தில் பெரிய பெட்டி ஒன்று திறந்து கிடந்தது, காலியாக.

"அக்கா, பேச்சு பேச்சா இருக்கணும். நீதான் நிறுத்தினே. கிளம்பு."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து ஒரு பலகையை எடுத்து மேசைமேல் வைத்தேன். முந்தின நாள் கடையில் உட்கார்ந்து, நாலு விதமான சுவிட்சை மாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன பல்பு கொடுத்து வைத்திருந்தேன்.

"தரணி, அக்கா நிறுத்தல. நான் போட்டது தப்பு. தப்பான சுவிட்ச். எனக்கு ரெண்டு வாரம் கொடு. அதுக்குள்ள மறுபடி நின்னா, பெட்டியை நானே தூக்கிட்டு வரேன்."

அவனுக்குக் கோபம். ஆனாலும், "ரெண்டே வாரம்" என்றான்.

பலகையை டீச்சர் பக்கம் திருப்பினேன். முதலாவது கண்ணாடி டச். அதை அவர் தொடவே இல்லை. இரண்டாவது ரிமோட்டில் வேலை செய்வது. "இத எங்க வெச்சேன்னு தேடறதுக்கு ஒரு விளக்கு போடணும்" என்றார். மூன்றாவது காலிங்பெல் மாதிரி, அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வருவது. ஆட்டோமேஷன்காரர்கள் பெரும்பாலும் சிபாரிசு செய்வது இதைத்தான். டீச்சர் இரண்டு தடவை அழுத்தினார்.

"போட்டிருக்கா அணைச்சிருக்கான்னு இதைத் தடவிப் பாத்தா தெரியாது."

நாலாவது, கடையில் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற சாதா சுவிட்ச். டக்கென்று கீழே, டக்கென்று மேலே.

"இது" என்றார். "சத்தம் போடுது. அணைஞ்சுதுன்னு காதுக்கே தெரியுது."

அதற்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு மாட்யூல் வைத்திருந்தேன். சுவிட்சைப் போட்டால் பல்பு எரியும், செய்தி போனுக்கும் போகும். தரணி போனை எடுத்து, பலகையில் எரிந்துகொண்டிருந்த பல்பை அதிலிருந்தே அணைத்தான். பல்பு அணைந்தது. சுவிட்ச் மட்டும் கீழேயே இருந்தது.

டீச்சர் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார். "எரியலையே, ஆனா போட்ட மாதிரியே இருக்குது. இப்ப இது பொய் சொல்லுது."

ஆட்டோமேஷன் வேலையில் இருக்கிற எல்லாருக்கும் இந்தச் சிக்கல் தெரியும். ஒரே விளக்குக்கு இரண்டு எஜமானர்கள், சுவர் சுவிட்சும் போனும். போன் ஜெயித்தால் சுவிட்ச் தலைகீழாகிவிடும். அதைச் சமாளிக்க ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. நான் எல்லா வழியையும் யோசித்துவிட்டு ஒன்றைச் சொன்னேன்.

"தரணி, போன்லேர்ந்து போடறது அணைக்கிறது எதுவும் வேணாம். சீன் வேணாம், டைமர் வேணாம், சென்சார் வேணாம். சுவிட்ச் சொல்றதுதான் முடிவு. போடறதும் அணைக்கிறதும் அக்கா. உனக்கு அது தெரியும், அவ்ளோதான்."

"அப்புறம் எதுக்குண்ணா ஆட்டோமேஷன்? எதுவுமே ஆட்டோமேட்டிக்கா நடக்காதே!"

"உனக்கு என்ன வேணும்? லைட்டு எரியணுமா, அக்கா நல்லா இருக்காங்கன்னு தெரியணுமா?"

அவன் போனை மேசைமேல் வைத்தான். "இருட்டுல மறுபடி விழுந்தா?" என்று கேட்டான். அப்போதுதான் அவன் குரலில் கோபத்துக்குக் கீழே இருந்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்குப் பயம்.

"இருட்டுல யார்ரா விழுந்தா?" என்றார் டீச்சர். "காலைல ஏழு மணி. நல்ல வெயில். பாசி வழுக்கிடுச்சு."

நானும் தரணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெயிலில் விழுந்தவருக்காக வீடு முழுக்க விளக்கு போட்டிருந்தோம். ஆறு மாதமாக இரண்டு பேரில் ஒருவரும் எத்தனை மணிக்கு விழுந்தீர்கள் என்று கேட்கவில்லை.

அன்றே வாலாஜாபாத்திலிருந்து வெல்டரைக் கூப்பிட்டுப் பின்கட்டுப் படிக்கு இரும்புக் கைப்பிடி போட்டோம். படியைத் தேய்த்துக் கழுவினோம். படியோரம் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு, வலைக்கூண்டுக்குள். மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும். அதன் சுவிட்ச் டீச்சர் கட்டிலில் கை எட்டுகிற உயரத்தில். கிச்சனில் எட்டு மாட்யூல் போர்டைக் கழற்றி ஒரே ஒரு சுவிட்ச் வைத்தேன். பழைய ஒயரிங்கில் சுவிட்ச் பாக்ஸ்வரை, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயர் இல்லாத இடங்களுக்கெல்லாம் டச் பேனலுக்காக முன்னமே இழுத்திருந்தேன். மாட்யூலுக்கும் நியூட்ரல் வேண்டும் என்பதால் அந்த உழைப்பு மட்டும் வீணாகவில்லை.

கண்ணாடி பேனல்களைத் துணியில் சுற்றி, அந்தக் காலிப் பெட்டியில் போட்டு தரணி பெங்களூருக்கு எடுத்துப் போனான்.

6. ஏழு நிமிஷம்

முதல் வாரம் அமைதி. ஆறே காலுக்கு உள் ரூம் ஆன், எட்டே முக்காலுக்கு ஆஃப். விடிகாலை நாலரைக்குப் பின்கட்டு மஞ்சள் விளக்கு ஆன். டீச்சர் வாழ்க்கை கடிகாரம் மாதிரி. தரணி ஒருநாள் போன் செய்து, "அண்ணா, எட்டே முக்கால் ஆஃப் வந்தாத்தான் எனக்கு நிம்மதியா இருக்குது" என்றான். லைட் எரிந்தால் சந்தோஷப்படுகிற கஸ்டமரைப் பார்த்திருக்கிறேன். அணைந்தால் நிம்மதியடைகிறவனை அப்போதுதான் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் மாலை மறுபடி போன்.

"அண்ணா, ஆறே காலுக்கு ஆன் வந்துது. ஆறு இருபத்திரண்டுக்கு ஆஃப். ஏழே நிமிஷம். அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. ஏதோ ஆயிடுச்சு. நான் கார் எடுக்கறேன்."

"சிஸ்டம் ஆன்லைன்ல இருக்குதா?"

"இருக்குது."

வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். வாலாஜாபாத் பக்கம் கறுத்து, மின்னிக்கொண்டிருந்தது.

"அங்க மழை தரணி. இப்ப விட்டிருக்கும். ஈசல் வந்திருக்கும், அணைச்சிட்டு உக்காந்திருப்பாங்க. கார் எடுக்காத. போன் பண்ணு."

பத்து நிமிஷம் கழித்து அவனே கூப்பிட்டான். டீச்சர் முதல் ரிங்கிலேயே எடுத்தாராம். "ஆமாண்டா, ஈசல். இருட்டுல உக்காந்திருக்கேன். நல்லாத்தான் இருக்குது, நீயும் அணைச்சிட்டு உக்காந்து பாரு" என்றாராம். சொல்லிவிட்டு தரணி சிரித்தான்.

"அண்ணா, சின்ன வயசுல நானும் உக்காந்திருக்கேன். இருட்டுல அக்கா வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும். எப்படிண்ணா மறந்தேன்?"

அந்த மழைக்கு டீச்சர் டிபி பாக்ஸைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியம் இல்லை. ஒரு சுவிட்ச் போதுமானதாக இருந்தது.

7. டீச்சரின் நிபந்தனை

இரண்டு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை தரணி வந்தான். "இங்கயே இரு, அக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். டீச்சர் தலையாட்டிவிட்டு உள்ளே போய், தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எனக்கும் ஒரு நிபந்தனை இருக்குது" என்றார். "சாலமன், இந்தத் தீப்பெட்டி ஒண்ணு இவன் வீட்டுக்கும் குடுங்க. இவன் படுக்கிற ரூம்ல மாட்டட்டும். எப்ப போடறான், எப்ப அணைக்கிறான்னு என் போன்ல தெரியணும். நான் மட்டும்தான் தனியா இருக்கேனா?"

தரணி மறுத்துப் பார்த்தான். டீச்சர் பள்ளிக்கூடத்தில் பார்க்கிற பார்வையைப் பார்த்தார். மாட்யூலை வாங்கிக்கொண்டு போய், ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிக்கொண்டான்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலை, பத்து மணி சுமாருக்கு, என் போனில் எச்சரிக்கை வந்தது. போட்டவன் என்பதால் எனக்கும் ஒரு செய்தி வரும். தென்னேரி ஆஃப்லைன்.

வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன். அதற்குள் டீச்சரே கூப்பிட்டார்.

"உங்களுக்கு ஆஃப்லைன்னு வந்திருக்குமே. ஓடியாராதீங்க. பெரிய சுவிட்சை நான்தான் அணைச்சேன்."

"மழையே இல்லையே டீச்சர்."

"ஊருக்குப் போறேன். தரணி ரூம்ல விளக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அணையுது, மூணு மணிக்கு அணையுது. இந்த வாரத்துல ரெண்டு நாள் அணையவே இல்ல. கேட்டா வேலைங்கிறான். ஒரு மனுஷன் தூங்காம என்ன வேலை? இத்தனை வருஷமா இப்படித்தான் இருந்திருக்கான், எனக்குத் தெரியல. போய்ப் பாத்துட்டு வரேன்."

கடைக்கு வருகிற இளம் எலக்ட்ரீஷியன்கள் எந்த சுவிட்ச் நல்லது, எந்தக் கம்பெனி நல்லது என்று என்னிடம் கேட்பார்கள். கம்பெனி பேர் நான் சொல்வதில்லை. வீட்டுக்காரரிடம் லைட் எங்கே வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறோம். எப்போது அணைப்பீர்கள், எதற்காக அணைப்பீர்கள் என்று கேளுங்கள் என்பேன். அதற்கு அவர் சொல்கிற பதிலில் அந்த வீடு எப்படி வாழ்கிறது என்பது தெரிந்துவிடும். சுவிட்ச் அதற்குப் பிறகு தானாக முடிவாகும். கண்ணாடியில் உங்கள் முகம் தெரிகிறதா என்று பார்க்காதீர்கள் என்றும் சொல்வேன். அதை மட்டும் ஏன் சொல்கிறேன் என்று அவர்களுக்குப் புரியாது.

டீச்சர் போய்ப் பதினோராம் நாள் மாலை தென்னேரி ஆன்லைன் வந்தது. ஆறே காலுக்கு உள் ரூம் ஆன், எட்டே முக்காலுக்கு ஆஃப். மறுநாள் காலை டீச்சர் போன் செய்து முதலில் சொன்னது பெங்களூர் விளக்கைப் பற்றித்தான். பத்தே காலுக்கு அணைந்துவிட்டதாம்.